திரூர் சொசைட்டியும் பெட்டிச் சாவியும்

எங்கள் திருத்தணியில் ஆடிக் கிருத்திகை நெருங்கினால் தெருவுக்கு ஒரு குழு முளைக்கும். காவடிக் குழு, அன்னதானக் குழு, நீர்மோர்ப் பந்தல் குழு என்று பல. இவை தவிர வருஷம் முழுக்க நடக்கும் வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கம், தறிக்காரர்கள் சேமிப்புக் குழு எல்லாம் உண்டு. அரசு அலுவலகத்தில் எழுத்தராக வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இவர்களில் சிலர் என்னிடம் வருவார்கள். "சார், ஒரு பைலா எழுதிக் குடுங்க", "கணக்கு நோட்டு எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க" என்பார்கள். கொஞ்சம் படித்த பிள்ளைகள் கையில் ஆங்கில மேலாண்மைப் புத்தகம் வைத்திருப்பார்கள். அதில் அமெரிக்கக் கம்பெனிகளின் கதை இருக்கும். நமக்கு அது எதற்கு? இங்கே மின்சார ரயில் ஏறிச் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் இறங்கினால் அருகில் திரூர் என்ற கிராமம் இருக்கிறது. சின்னச் சங்கம் ஒன்றை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு இந்தியாவில் முதலில் விடை எழுதிப் பார்த்த ஊர் அது.

1904-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி திரூர் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அந்த வருஷம் மார்ச்சில்தான் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்திருந்தது. கர்நாடகத்தில் கதக் பக்கம் கணகினஹாள் என்ற ஊர்க்காரர்கள் முதல் சங்கம் எங்களுடையதுதான் என்பார்கள். அது 1905. தேதியைப் பார்த்தால் நம் ஊருக்கே முதலிடம். அப்போது திரூர் செங்கற்பட்டு ஜில்லா. திருத்தணி வட ஆற்காட்டில் இருந்தது. பிறகு சித்தூர் ஜில்லாவுக்குப் போய், ஆந்திராவுக்கும் போய், ம.பொ.சி. முதலானோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1997 முதல் திரூரும் திருத்தணியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம். ஆகவே சொந்த மாவட்டத்துக் கதையாகவே இதைச் சொல்லலாம். விவசாயிகளுக்குத் திரூரை வேறு விதமாகத் தெரியும். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அந்த எழுத்துக்களே ஊர்ப் பெயரின் சுருக்கம்தான்.

சரி, 1904-இல் திடீரென்று ஒரு கிராமத்தில் சங்கம் எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு அதிகாரியின் உழைப்பு இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானி பட்ட பாட்டைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்தின வருஷம், 1875-இல், பம்பாய்ப் பக்கம் தக்காணத்தில் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். உழவனுக்கு நியாய வட்டியில் கடன் கிடைக்க வழி செய்யாவிட்டால் இங்கேயும் வரிப்பணம் வராது, அமைதியும் இருக்காது என்று சர்க்கார் கவலைப்பட்டது. 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அழைத்து, ஐரோப்பாவில் குடியானவர்களுக்கான வங்கிகள் எப்படி நடக்கின்றன, அவை இங்கே சரிப்படுமா என்று ஆராயச் சொன்னது. கோயமுத்தூர் ஜில்லா மானுவலை எழுதியவர் இவர்தான். பிற்பாடு சென்னையில் மீன்வளத் துறைக்கு வித்திட்டவரும் இவரே. 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரிய பாகங்களாக அறிக்கை கொடுத்தார். அத்தனை பக்கங்களின் சாரத்தை அவரே இரண்டே சொல்லில் சுருக்கினார்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதே அது.

சட்டத்தைக் கொண்டுவா, பணத்தை ஒதுக்கு என்று அவர் முடிக்கவில்லை. ஆளைத் தேடு என்று முடித்தார். அலுவலகத்தில் எத்தனையோ அறிக்கைகளைப் பைசல் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி முடியும் அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

யார் அந்த ரைஃபைசன்? ஜெர்மனியில் 1818-இல் பிறந்தவர். வையர்புஷ் என்ற சின்ன ஊர்ப்பகுதிக்கு மேயர். நம்ம ஊர் மேயர் மாதிரி நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட சம்பளம் வாங்கும் கிராம முன்சீப் வேலை. 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. ஊர்ச் செல்வந்தர்களைச் சேர்த்துத் தானியம் வாங்கி, ரொட்டி சுட்டு, அறுவடைக்குப் பிறகு பணம் தரலாம் என்று ஏழைகளுக்குக் கொடுத்தார். பிறகு ஃபிளாமர்ஸ்ஃபெல்ட், ஹெடஸ்டார்ஃப் என்று மாற்றலாகிப் போன இடங்களிலும் உதவிச் சங்கம் வைத்தார். மாடு வாங்கக் கடன் கொடுத்தார். எல்லாம் தர்மசிந்தனையுள்ள பணக்காரர்களின் ஜாமீனில் நடந்தது.

நாள் போகப் போகப் பணக்காரர்கள் களைத்துப் போனார்கள். உதவி பெறுகிறவன் கூட்டத்துக்கு வருவதில்லை. கொடுக்கிறவன் மட்டும் வருகிறான், அவனுக்கும் சலிப்பு. ரைஃபைசன் பக்தி மிகுந்தவர். தர்மத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர். இந்த முறை நிலைக்காது என்று ஒப்புக்கொள்ள அவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1864-இல் ஹெடஸ்டார்ஃபில் முறையை மாற்றினார். கடன் வேண்டுகிறவன் முதலில் உறுப்பினனாக வேண்டும். நஷ்டம் வந்தால் எல்லோரையும் போல அவனும் பொறுப்பு. கூட்டத்தில் உட்கார வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும்.

இன்றைக்குத் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எங்கள் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும் குழு, முதியோருக்குச் சாப்பாடு கொடுக்கும் குழு எல்லாம் உண்டு. நிர்வாகக் குழுப் பட்டியலைப் பார்த்தால் கொடுக்கிறவர்கள் பெயர் மட்டும் இருக்கும். வாங்குகிற வீட்டிலிருந்து ஒரு தாயாரோ ஒரு பெரியவரோ இருக்க மாட்டார்கள். நோட்டு போதுமா, பேனா வேண்டுமா, பரீட்சைக் கட்டணம்தான் அவசரமா என்பது கொடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்? வாங்குகிறவர்களில் இரண்டு பேரைக் குழுவில் போடுங்கள் என்று சொன்னால், "அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்று பதில் வரும். ரைன் நதிக்கரைச் செல்வந்தர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ரைஃபைசன் வைத்த விதிகள் அதிகமில்லை. ஒரு சங்கத்துக்கு ஒரு கிராமம்தான் எல்லை. பொறுப்புக்கு வரம்பு கிடையாது, அதாவது சங்கம் நொடித்தால் ஒவ்வொரு உறுப்பினரின் சொத்தும் அதற்கு ஈடு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டும் சம்பளம் உண்டு, ஆனால் யாருக்குக் கடன் என்று முடிவு செய்யும் குழுவில் அவருக்கு இடமில்லை. நிர்வாகிகளை மேற்பார்க்க உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த இன்னொரு குழு. கடன் எதற்கு என்று சொல்லி வாங்க வேண்டும், சொன்ன காரியத்துக்கே செலவழிக்க வேண்டும். லாபத்தைப் பங்கு போடக் கூடாது, சேம நிதியில் சேர்க்க வேண்டும்.

வரம்பற்ற பொறுப்பு என்றதும் பயம் வரும். ஆனால் அதற்குள் இருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள். முனுசாமி மாடு வாங்கக் கடன் வாங்கிவிட்டு மகள் கல்யாணத்தில் செலவழித்தால், நாளைக்குக் கோவிந்தன் நிலத்துக்கு ஆபத்து. ஆகவே முனுசாமி கொட்டிலில் மாடு வந்ததா என்று கோவிந்தனே எட்டிப் பார்ப்பான். இன்ஸ்பெக்டர் வேண்டாம், டிராவலிங் அலவன்ஸ் வேண்டாம். அதற்காகத்தான் ஒரே கிராமம் என்ற எல்லையும். பத்து கிராமம் தாண்டி இருக்கிறவன் கொட்டிலை யார் பார்ப்பது?

ஊர்ப் பெருமைக்கு ஒரு துணுக்கு. ரைஃபைசன் இறந்தது 1888 மார்ச். அதே வருஷம் செப்டம்பரில் திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது குமாஸ்தா புத்தி.

கூட்டாகப் பணம் போட்டுக் கடன் கொடுப்பது சென்னைக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். நிதி என்ற பெயரில் பட்டணத்தில் பல இருந்தன. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டை இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். அவை மாதச் சம்பளக்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் ஏற்றவை. மாதாமாதம் தவணை கட்டுவது மழையை நம்பிய உழவனால் ஆகாது. நிக்கல்சன் நிதிகளையும் அலசிப் பார்த்துவிட்டுத்தான் கிராமத்துக்கு ரைஃபைசன் என்றார்.

1904 சட்டம் அவர் காட்டிய வழியிலேயே போனது. குறைந்தது பத்துப் பேர், ஒரே கிராமம் அல்லது பட்டணம், அல்லது ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள். கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு விவசாயிகளாக இருக்க வேண்டும். பொறுப்பு பொதுவாக வரம்பற்றது. திரூர் ஆகஸ்டில் பதிவானது என்றேன். அக்டோபரில் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இந்தச் சட்டத்தின்படி நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. ஒரு ஜில்லாவுக்குள் இரண்டு முதல்கள்.

அதே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பதினான்கு பேர் சேர்ந்து வேறு மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் டி.யு.சி.எஸ். அவர்களுக்கு முன்மாதிரி ஜெர்மனி அல்ல, இங்கிலாந்தின் ராச்டேல். 1844 டிசம்பரில் அங்கே இருபத்தெட்டுப் பேர், பலர் நெசவாளிகள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் விற்கும் கடை வைத்தார்கள். அவர்கள் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கடனுக்கு விற்பதில்லை என்பது. தெரிந்தவனுக்கும் இல்லை, உறுப்பினனுக்கும் இல்லை. நம் கடைகளில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று பலகை மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே கடன் நோட்டு வைத்திருப்பார்கள். ராச்டேலில் பலகை இருந்ததா தெரியாது, நோட்டு இல்லை. மிஞ்சும் லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். போட்ட பணத்தின் மேல் வட்டிக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்.

சின்னக் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு ராச்டேலிலிருந்து நான் எடுத்துச் சொல்வது ஒன்றுதான். கல்லாவும் வீட்டுப் பர்ஸும் வேறு. காய்கறிக்காரி வாசலில் நின்றால் கல்லாவைத் திறந்து இருநூறு ரூபாய் எடுக்கிறார்கள். ராத்திரி கணக்குப் பார்த்தால் வியாபாரம் லாபமா நஷ்டமா என்று கடவுளுக்கும் தெரியாது. உங்களுக்கு நீங்களே மாதம் ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி வவுச்சர் எழுதி எடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் கடை உங்களுக்குக் கொடுத்த கடன் என்று எழுதுங்கள். சொந்தக் கடையில் வவுச்சரா என்று சிரிப்பார்கள். மூன்று மாதம் எழுதிப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

கூட்டுறவு இங்கே பிறந்த இரண்டாம் வருஷமே இதற்கு நேர்மாறான கதை ஒன்று சென்னையில் நடந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவால் ஆனது. சென்னையின் பெரிய வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனம். ஆயிரக்கணக்கான பேர் அதில் சேமிப்பைப் போட்டிருந்தார்கள், அதில் பென்ஷன்காரர்களும் விதவைகளும் உண்டு. லண்டனில் இருந்த கூட்டாளி ரயிலில் விழுந்து இறந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் சிறை. சர் பட்டம் வாங்கியவர், சேம்பர் ஆஃப் காமர்ஸ் பெரிய மனிதர். அவரை யார் கணக்குக் கேட்பது? யாரும் கேட்கவில்லை. அந்த அடியில் எழுந்ததுதான் 1907-இல் வி.கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோர் தொடங்கிய இந்தியன் வங்கி.

ஆனால் ஆர்பத்நாட் கதையைச் சொன்னால் எல்லோரும் திருடனைப் பற்றிய கதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் சின்னச் சங்கங்களைக் கெடுத்தவர்கள் திருடர்கள் அல்ல. ஊர் பேர் வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒரு அன்னதானக் குழு. பொருளாளர் தங்கமான மனிதர். சொந்தப் பணத்தைப் போட்டுக் காய்கறி வாங்குவார், பிறகு எடுத்துக்கொள்வார். குழுவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது, அவர் பெயரிலிருந்த சேமிப்புக் கணக்கிலேயே எல்லாம். "நமக்குள்ள எதுக்கு சார் அதெல்லாம்?" என்பார்கள் மற்றவர்கள். கிருத்திகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். கணக்கில் இருக்கும் பணத்தில் எது குழுவுடையது, எது அவர் ஓய்வூதியம் என்று பிரித்துச் சொல்ல ஒரு காகிதம் இல்லை. வங்கியில் வாரிசுச் சான்று கேட்டார்கள். குழுவில் ஒருவர், "எவ்வளவு எடுத்தாரோ" என்று டீக்கடையில் சொன்னது அந்த அம்மாள் காதுக்குப் போனது. பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே தன் நகையை வைத்துப் பணம் கொண்டுவந்து குழுவிடம் கொடுத்தார் அந்த அம்மாள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. அந்த வருஷம் அன்னதானம் நடந்தது. அடுத்த வருஷம் குழு இல்லை.

கணக்கரைத் தீர்மானிக்கும் குழுவிலிருந்து ரைஃபைசன் ஒதுக்கி வைத்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அது கணக்கர் மேல் சந்தேகப்பட்டு வைத்த விதி அல்ல. அவர் பேர் கெடாமல் இருக்க வைத்த வேலி. செலவு செய்யச் சொன்னது குழு, செய்தது கணக்கர், பார்த்தது மூன்றாவது குழு என்று காகிதத்தில் இருந்தால், அவர் போன பிறகும் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. மலைக்கோயில் உண்டியல் எண்ணும்போது அதிகாரி, ஊழியர், தொண்டர் என்று எல்லோர் முன்னிலையிலும் கொட்டி எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர்கள் திருடர்கள் என்றா அப்படிச் செய்கிறார்கள்?

ஆகவே யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, சாவி யாரிடம், நோட்டு யாரிடம் என்பதுதான். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், மூன்று பேரில் இருவர் கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில் முதல் நாளே பக்க எண் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தகராறு வரும் வருஷத்தில் ஒரு தாள் காணாமல் போகும். கூட்டத்தில் என்ன பேசினோம் என்று எழுத வேண்டாம், என்ன முடிவு செய்தோம், எவ்வளவு தொகை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பது போதும். ஆளுக்கு ஆள் தெரிந்த சின்ன இடத்தில் இவ்வளவுதான் நிர்வாகம்.

இனி திரூருக்கும் அதைப் போன்ற ஆயிரக்கணக்கான சங்கங்களுக்கும் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 1904 சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரமாவது பதிவாளர் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த கிராமத்துக்கு இது பெரிய உபகாரம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஜெர்மனியில் 1889 சட்டமும் தணிக்கையைக் கட்டாயம் ஆக்கியது. ஆனால் அங்கே சங்கங்கள் தாங்களே சேர்ந்து அமைத்த கூட்டமைப்புகள் வழியாக அது நடந்தது, தணிக்கையாளரை அனுப்பியது அவர்களுடைய கூட்டமைப்பு. இங்கே சர்க்கார் ஜீப் வந்து போனது. நாள்பட நாள்பட உறுப்பினர் மனதில் சங்கம் என்பது நம்முடையது அல்ல, சர்க்காருடையது என்று பதிந்துவிட்டது. சங்கத்துக்குக் கட்ட வேண்டியதைச் சர்க்கார் கடன் என்பார்கள். சர்க்கார் கடனைக் கட்டாமல் தள்ளுபடிக்குக் காத்திருப்பதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. கோவிந்தன் முனுசாமியின் கொட்டிலை எட்டிப் பார்ப்பதை எப்போது நிறுத்தினானோ அப்போதே ரைஃபைசன் போய்விட்டார், விதிப் புத்தகம் மட்டும் மிச்சம்.

இதை முன்கூட்டியே கவனித்தவர்கள் இருந்தார்கள். 1914-இல் அமைத்து 1915-இல் அறிக்கை தந்த மக்லகன் குழு, எண்ணிக்கையைப் பெருக்கும் அவசரத்தில் உறுப்பினர்களுக்குக் கூட்டுறவு என்றால் என்ன என்று சொல்லித் தருவது விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டியது. யாரும் அதிகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1951-52-இல் அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு நடந்தபோது குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம்தான் என்று தெரிந்தது. அரை நூற்றாண்டு உழைப்புக்கு மூன்று சதவீதம். அதற்குப் பிறகு சர்க்கார் பங்கு மூலதனமே போட்டது. கடன் அளவு பெருகியது உண்மை, உழவருக்குப் பலன் கிடைத்ததும் உண்மை. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உறுப்பினரின் கை இன்னும் விலகிப் போனது.

இதிலிருந்து என் கட்சி இது: தணிக்கையை இலவசமாக வாங்காதீர்கள். சின்னக் குழுவாக இருந்தாலும் ஒரு கணக்காளருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கூலி கொடுத்து, பொதுக் கூட்டத்தில் அவரை நிற்க வைத்து, "எங்கள் கணக்கில் என்ன தப்பு?" என்று கேளுங்கள். காசு கொடுத்தவன்தான் கேள்வி கேட்பான். தலைவரின் மைத்துனர் ஆடிட்டராக இருக்கிறார், சும்மா பார்த்துத் தருவார் என்றால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். அரக்கோணத்திலிருந்து ஒருவர் வரட்டும்.

சென்ற மாதம் தறிக்காரப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். நாற்பது குடும்பம் சேர்ந்த சேமிப்புக் குழு நன்றாக நடக்கிறது. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை என்று இன்னும் ஊர்களைச் சேர்த்து இருநூறு குடும்பம் ஆக்கலாமா என்று கேட்டார்கள். நூல் மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பில்லை. நான் சொன்னது, நூல் வாங்க மட்டும் சேருங்கள், கடன் கொடுப்பதை ஊர் ஊராகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஒவ்வொரு ஊரும் தன் ஆளுக்குத் தானே கடன் கொடுக்கட்டும், வசூலிக்கட்டும். கொள்முதலுக்கு ஊருக்கு இரண்டு பேர் அனுப்பி ஒரு கூட்டுக் குழு வைக்கலாம். 1912-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது சங்கங்களின் சங்கத்துக்கு இடம் கொடுத்தது இதற்காகத்தான். சின்னது சின்னதாகவே இருந்துகொண்டு, பெரிய வேலைக்கு மட்டும் கூடிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பாதி சம்மதம், பாதி ஏமாற்றம். இருநூறு என்ற எண் அவர்கள் கண்ணில் நின்றது. இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று கேள்வி.

பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வியும் அவர்கள் கேட்டார்கள். அதற்கு நான் சொன்ன கதை வேறு நாட்டுடையது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1962-இல் சட்டப்படியான இணைப்பு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் படிப்பால் பின்னாளில் அரசு வேலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் பிரெஞ்சுப் புத்தகங்கள் வாசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ஃபோன்ஸ் தெஜார்தேன். கனடாவில் கியூபெக் பக்கம் லெவி என்ற ஊர்க்காரர். ஒட்டாவா பாராளுமன்றத்தில் பிரெஞ்சுப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பவர், அதாவது என் இனம். 1897-இல் சபையில் ஓர் உறுப்பினர், 150 டாலர் கடனுக்கு 5,000 டாலர் வட்டி கட்டச் சொன்ன வழக்கைப் பற்றிப் பேசினார். அதைக் குறிப்பெடுத்த கை அதோடு நிற்கவில்லை. நிக்கல்சனைப் போல இவரும் ஐரோப்பிய மக்கள் வங்கிகளைப் படித்து, நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதி, 1900 டிசம்பர் 6-ஆம் தேதி லெவியில் ஒரு 'கேஸ் பொப்யுலேர்' தொடங்கினார். கேஸ் என்றால் பிரெஞ்சில் பெட்டி, அதே சொல்தான் நிதிக்கும். முதல் வைப்பு பத்து சென்ட். முதல் நாள் வசூல் 26 டாலர் 40 சென்ட்.

சபை கூடும் மாதங்களில் அவர் ஒட்டாவாவில் இருப்பார். லெவியில் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் மனைவி தோரிமேன். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வீட்டிலேயே வைப்பு வாங்கினார், கணக்கு எழுதினார், சம்பளம் இல்லாமல். அந்த நாளில் இப்படிப்பட்ட சங்கத்துக்கு அங்கே சட்ட அங்கீகாரம் கிடையாது. நாளைக்கு ஏதாவது ஆனால் ஊரார் பணத்துக்கு இவர்கள் சொந்த வீடும் சொத்துமே ஈடு. அந்த அம்மாளுக்கு இது பெரிய கவலையாக இருந்தது, கணவரிடம் சொல்லவும் செய்தார். 1906 மார்ச்சில் கியூபெக் சட்டமன்றம் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டத்தை நிறைவேற்றிய பிறகுதான் அந்தப் பாரம் இறங்கியது.

நமக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-லேயே வந்துவிட்டது. ஏழு பேர் போதும். விதிமுறைகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக விலாசத்துக்கு ஆதாரம் கொண்டுபோனால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடியும். அதன் பிறகு வருஷா வருஷம் பொதுக் கூட்டம் நடத்தி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். முதல் வருஷம் எல்லோரும் செய்வார்கள், மூன்றாம் வருஷம் மறந்துவிடுவார்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அன்றைக்குச் சாயந்திரம் பெட்டியில் இருக்கும் ரொக்கத்தை இரண்டு பேர் எதிரில் எண்ணி, ரொக்கப் புத்தகத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டுத் தேதி இடுங்கள்.